ஒயாசிஸின் பி-சைடு பாடல்களைத் தேடிக் கேட்பது எப்படி?

மான்செஸ்டரைச் சேர்ந்த ஒயாசிஸ் ராக் இசைக்குழுவின் பி-சைடு பாடல்களை, அதாவது ஒரு முதன்மைப் பாடலை முன்னிறுத்தும் ‘சிங்கிள்’ எனப்படும் சிறு வெளியீடுகளின் பின்பக்கப் பாடல்களை, 1998 நவம்பரில் வந்த ‘தி மாஸ்டர்பிளான்’ தொகுப்பிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். அதிலுள்ள 14 பாடல்களும் அவ்வகைப்பட்டவையே.

அடுத்து, ஒரு சிங்கிளை முழுமையாகக் கேளுங்கள். 1995 ஏப்ரலில் வெளியான ‘சம் மைட் சே’ இதற்கு மிகவும் ஏற்றது. அதன் சிடி பதிப்பில் ‘டாக் டுநைட்’, ‘அக்வியெஸ்’, ‘ஹெட்ஷ்ரிங்கர்’ ஆகிய மூன்றும் இருக்கின்றன. ‘அக்வியெஸ்’ பாடலில் சரணங்களைக் குழுவின் பாடகர் லியம் காலகரும் பல்லவியை அவருடைய அண்ணனும் குழுவின் கிதார் கலைஞருமான நோயலும் பாடுவதால், சகோதரர்களின் குரல்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கூர்ந்து கவனியுங்கள். பல குழுக்கள் ஆல்பத்தின் முகப்பில் வைத்துப் பெருமைப்பட்டிருக்கக்கூடிய பாடல் அது என்பதே என் உறுதியான கருத்து.

தொகுப்பில் இடம்பெறாதவற்றையும் விட்டுவிடாதீர்கள். துள்ளலான ‘ரவுண்ட் ஆர் வே’ பாடலைக் கேட்க ‘வொண்டர்வால்’ சிங்கிளைத் தேட வேண்டும்.

பழைய பிரதிகளை வாங்கும்போது பின்னட்டையிலுள்ள பாடல் பட்டியலைக் கட்டாயம் சரிபாருங்கள். ஏனெனில், சிடியில் உள்ள எல்லாப் பாடல்களுக்கும் 7 அங்குல இசைத்தட்டில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை.