திரவக் கணக்கை வைத்திருப்பது எப்படி: வைத்தியசாலை விடுதிக்குப் புதிதாக வரும் தாதியருக்கு

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் மின்விசிறிகூட அனலைத்தான் தள்ளும். அந்த மாதங்களில் கடலிலிருந்தும் வயலிலிருந்தும் நேராக வந்து விடுதியில் சேருகின்றவர்கள், நோய் எதுவாக இருந்தாலும், வரும்போதே கணிசமான நீரையும் உப்பையும் வியர்வையில் இழந்திருப்பார்கள். அந்த இழப்பை எவரும் அளந்திருக்கமாட்டார்கள். ஆகவே திரவம், மின்பகுபொருள் (குருதியில் கரைந்துள்ள சோடியம், பொற்றாசியம் போன்ற உப்புகள்), அமில கார சமநிலை என்ற மூன்றையும் ஆய்வுகூட அறிக்கை வந்த பிறகு பார்க்கும் விடயமாக எண்ணாமல், நோயாளர் கட்டிலுக்கு வந்த நேரத்திலிருந்தே நாம் எழுதத் தொடங்கும் கணக்காகக் கொள்ளவேண்டும்.

முதலில் உடலின் கணக்கு. 70 கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லீற்றர் நீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு கலங்களுக்குள்ளேயும் எஞ்சியது வெளியேயும் உள்ளது. குருதி நாளங்களுக்குள் ஓடும் திரவவிழையம் (பிளாஸ்மா, அதாவது குருதிக் கலங்கள் நீங்கலான திரவம்) ஏறத்தாழ 3 லீற்றர்தான். நாம் குருதியில் அளப்பது இந்தச் சிறு பங்கை மட்டுமே என்பதால், அறிக்கையிலுள்ள எண் முழு உடலின் நிலையையும் சொல்லிவிடும் என்று நம்பக்கூடாது.

உள்ளெடுப்பு, வெளியேற்ற அட்டவணையை எழுதும்போது சேலைன் போத்தலோடு நிறுத்திவிடுவதே பொதுவான தவறு. மருந்து கலந்து ஏற்றிய 100 மில்லிலீற்றர், குழாய் வழி உணவு, அதன் பின் கழுவிவிட்ட நீர், பிளேன்டி, கஞ்சி, பார்வையாளர் நேரத்தில் உறவினர் கொண்டுவந்த இளநீர் ஆகிய அனைத்தும் உள்ளெடுப்பே. விடுதியில் பாவிக்கும் கோப்பை எத்தனை மில்லிலீற்றர் கொள்ளும் என்பதை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் ஊகிக்கவேண்டிய தேவை இராது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘சிறுநீர் கழித்தார்’ என்று மட்டும் எழுதி, மூத்த அக்கா ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. அளவில்லாத பதிவு பதிவே அல்ல என்பது அவருடைய வாதம், அது நியாயமானதும்கூட. பம்பஸ் அணிந்த குழந்தைகளுக்கு நனைந்ததை நிறுத்து, உலர்ந்ததன் எடையைக் கழித்து, 1 கிராமை 1 மில்லிலீற்றராகக் கொள்ளலாம். தோலாலும் மூச்சாலும் போகும் நீரை அளக்க முடியாது. காய்ச்சலும் வெக்கையும் அதைக் கூட்டும். அந்த இடைவெளியை நிரப்புவது தினசரி எடை. காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், அதே தராசில், அதே அளவு உடையோடு நிறுக்கவேண்டும். ஒரே நாளில் 1 கிலோகிராம் கூடினாலோ குறைந்தாலோ அது கொழுப்பல்ல, ஏறத்தாழ 1 லீற்றர் நீர்.

இந்தக் கணக்கு உயிரைத் தீர்மானிக்கும் இடம் டெங்கு. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. திரவவிழையம் நாளங்களிலிருந்து கசிகின்ற 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள், குறைவாகக் கொடுத்தால் உறுப்புகளுக்குக் குருதி போதாமல் போகும் அதிர்ச்சி நிலை, கூடக் கொடுத்தால் நுரையீரலில் நீர் என இரு பக்கமும் ஆபத்து உண்டு. 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இந்தக் காலம் முழுவதற்குமான வரையறை, வாயால் குடிப்பதையும் சேர்த்து, 4600 மில்லிலீற்றர். உரிய சிறுநீர் அளவு மணித்தியாலத்துக்குக் கிலோகிராமுக்கு 0.5 முதல் 1 மில்லிலீற்றர், அதாவது 25 முதல் 50 மில்லிலீற்றர். சிறுநீர் தாராளமாகப் போவதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்குண்டு. இங்கே 50ஐத் தாண்டினால் திரவம் தேவைக்கு மேல் போகிறது என்று வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். மேல், கீழ் குருதியமுக்கங்களுக்கிடையிலான வித்தியாசம் 20 அளவுக்குச் சுருங்கினால், மேலெண் வழமையாகத் தெரிந்தாலும் தாமதிக்கக்கூடாது. அன்போடு கொடுக்கப்படும் இளநீரையும் அளந்தே கொடுக்கவேண்டும் என்று உறவினருக்குப் பொறுமையாக விளக்குவதும் நமது வேலைதான்.

சேலைன் ஓடும் வேகத்தைக் கண் மதிப்பில் விடவேண்டாம். 20 துளிகள் 1 மில்லிலீற்றராகும் குழாயில் 500 மில்லிலீற்றரை 6 மணித்தியாலத்தில் ஏற்ற நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 துளிகள் வேண்டும். நோயாளர் கையை மடக்கினால் இந்த எண் மாறிவிடும் என்பதால் மணிக்கொருமுறை மீண்டும் எண்ணவேண்டும்.

சோடியத்தின் வழமையான அளவு லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அது குறைந்திருக்கும்போது உப்புக் குறைவு என்று அவசரப்படாமல் நீர் கூடியிருக்கிறதா என அட்டவணையையும் எடையையும் பார்க்கவேண்டும். நாட்பட்ட குறைவை வேகமாக உயர்த்தினால் மூளைக்குச் சேதம் வரும். பொற்றாசியத்தின் வரம்பு, 3.5 முதல் 5.0, மிகக் குறுகியது. வயிற்றோட்டமும் சிறுநீரைக் கூட்டும் ஃபுரோசமைட் மருந்தும் அதைக் குறைக்கும். சிறுநீரகச் செயலிழப்பு கூட்டும். இளநீரில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகையால் சிறுநீரக நோயாளருக்கு அது ஆகாது, வயிற்றோட்டத்தில் ஜீவனிக்கு (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள்) ஈடாகவும் மாட்டாது. பொற்றாசியம் குளோரைட்டை ஒருபோதும் ஊசியால் நேராக நாளத்தில் செலுத்தக்கூடாது, இதயம் நின்றுவிடும். சாதாரண விடுதியில் கைநாளத்தின் வழி, லீற்றருக்கு 40 மில்லிமோலுக்கு மேற்படாத செறிவில், மணித்தியாலத்துக்கு 10 மில்லிமோல் என்ற வேகத்துக்குள், சிறுநீர் போகிறது என்பதை உறுதிசெய்த பிறகே, போத்தலை நன்றாகக் குலுக்கிக் கலந்து கொடுக்கவேண்டும். எதிர்பாராமல் உயர்ந்த எண் வந்தால் இதயத் துடிப்புப் பதிவை எடுத்து உடனே வைத்தியருக்கு அறிவித்துவிட்டு, மாதிரி எடுத்த விதத்தையும் நினைத்துப் பாருங்கள்: இறுக்கிக் கட்டிய கையிலிருந்து இழுத்து எடுத்த குருதியில் கலங்கள் உடைந்து பொற்றாசியம் பொய்யாக ஏறியிருக்கலாம். சேலைன் ஓடும் கையில் எடுத்த மாதிரியும் நம்பத்தக்கதல்ல.

அமில கார அறிக்கையைக் கண்டு மிரள வேண்டியதில்லை. முதலில் பிஎச் (குறைந்தால் அமிலத்தையும் கூடினால் காரத்தையும் காட்டும் எண்) 7.35க்கும் 7.45க்கும் இடையில் உள்ளதா என்று பாருங்கள். அடுத்து காபனீரொட்சைட்டு அமுக்கம் (35 முதல் 45), பின்னர் அமிலத்தைச் சமன்செய்யும் காரமான இருகாபனேற்று (22 முதல் 26). காபனீரொட்சைட்டு கூடினால் அமிலம் கூடும், இருகாபனேற்று குறைந்தாலும் அமிலம் கூடும். பிஎச் போன திசையை எது விளக்குகிறதோ அதுவே மூலம், மற்றது உடலின் ஈடுகட்டல். நீரிழிவு நோயாளர் ஒருவருக்கு பிஎச் 7.25, காபனீரொட்சைட்டு 26, இருகாபனேற்று 11 என்று வந்தால், அமிலத்தின் மூலம் வளர்சிதை மாற்றத்தில் இருக்கிறது. ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவதன் மூலம் உடல் காபனீரொட்சைட்டை வெளியேற்றிச் சமாளிக்கிறது. அந்த மூச்சை மூச்சிரைப்பென்று எண்ணி அமர்த்தும் மருந்து கேட்டுவிடாதீர்கள். வயிற்றோட்டத்தில் இருகாபனேற்று வெளியேறுவதால் அமிலம் ஏறும்; ஓயாத வாந்தியில் இரைப்பை அமிலம் போவதால் காரம் ஏறும், கூடவே பொற்றாசியமும் இறங்கும்.

இந்த அறிக்கைக்காக எடுக்கும் நாடிக் குருதி (தமனிக் குருதி) மாதிரியில் காற்றுக் குமிழி இருந்தால் உடனே வெளியேற்றி, ஊசிக்குழலை மூடி, தாமதமின்றி அனுப்பவேண்டும்; குத்திய இடத்தை குறைந்தது 5 நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். நோயாளர் அப்போது எவ்வளவு ஒட்சிசன் பெற்றார் என்பதைப் படிவத்தில் எழுத மறந்தால் அந்த அறிக்கையை வாசிப்பவர் தடுமாறுவார். கடமையை ஒப்படைக்கும்போது ‘சேலைன் போகிறது’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், இந்த நேரம்வரை உள்ளே சென்றது, வெளியேறியது, வித்தியாசம், இன்றைய எடை, போத்தலில் எஞ்சியது ஆகிய எண்களைக் கட்டிலருகில் நின்றே அடுத்தவரிடம் சொல்லி, அவர் துளிகளை எண்ணிப் பார்த்த பின்னரே நகரவேண்டும்.