பித்தளையில் தமிழ் பொறிக்கக் கொடுக்கிறீர்களா?

ஓவியர் ஒருவர் வரைய, இன்னொருவர் மெஷினில் பித்தளைத் தகட்டில் பொறிக்கிற வேலை என்றால், கணினிக் கோப்பை அனுப்புமுன் எழுத்துகள் அத்தனையையும் கோடுகளாக மாற்றிவிடச் சொல்லுங்கள். வரைகிற மென்பொருள் கோரல் டிரோ என்றால் கன்ட்ரோல் கியூ; இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிப்ட் ஓ. கூடவே 100 வீத அளவில் ஒரு பிரிண்டும் கொடுங்கள்.

காரணம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருதான். கொழும்பில் இன்னமும் பலர் அதில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்பது 'mk;kh' போன்ற ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோட் என்றாலும் பழைய மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒப்பரேட்டர் அதை அப்படியே வெட்டிவிட்டால் தகடு போச்சு, பித்தளையில் அழிறப்பர் வேலை செய்யாதே! கோடாக மாறிய எழுத்து வெறும் படம், எந்தக் கணினியிலும் குலையாது. பிரிண்ட் எதற்கென்றால், ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அந்த அளவில் அடைத்துக்கொள்ளுமா என்று தாளிலேயே தெரிந்துவிடும். பிரிண்ட் எடுக்கும்போது 'தாளுக்குப் பொருத்து' என்ற தெரிவை மட்டும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அளவு மாறிவிடும்.

மாற்றியபின் எழுத்துப்பிழை திருத்த முடியாது. மூலக் கோப்பை ஓவியர் தனியே வைத்திருக்கட்டும்.

செட்டியார் தெருப் பக்கம் கையால் வெட்டுகிறவர்களிடம் கொடுப்பதானால் கோப்பே வேண்டாம், பிரிண்ட் போதும். புகைப்படத்தை லேசரில் பொறிப்பதற்கும் இது பொருந்தாது.