‘யோசிக்காதங்க’ என்பதைப் பிழையாக விளங்கிக்கொள்வது

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் "என்னகா யோசனை?" என்று கேட்டால் என்ன கவலை என்று அர்த்தம். "யோசிக்காத மனே, அம்மாள் பாத்துக்குவா" என்றால் கவலைப்படாதே என்று அர்த்தம். மூளையைப் பாவிப்பதற்கும் இதே சொல்தான். சாமியை நம்பிக் கவலையை விடுகிறோம் என்று தொடங்கி, கடைசியில் வீட்டையும் காசையும் குழப்பிக்கொண்டவர்கள் அநேகமாக இந்தச் சொல்லில்தான் சறுக்கியிருப்பார்கள். விட வேண்டிய யோசனையை வைத்துக்கொண்டு, செய்ய வேண்டிய யோசனையை விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் வேளாண்மை செய்கிற வீடுகளில் நகைக்கு ஒரு வருடச் சுற்று உண்டு. பெரும்போக (மாரிகால நெல்) விதைப்புக்கு அடகுக்குப் போகும், அறுவடை முடிய வீட்டுக்கு வரும். 2010 விதைப்புக்கு அம்மாவின் சங்கிலி அப்படித்தான் போனது. 2011 தை மாத வெள்ளத்தில் வயல் முழுக்கத் தண்ணீருக்குள். அடகுத் துண்டைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "இனி அவர் பாத்துக்குவார்" என்றார் அப்பா. நம்பிக்கையில் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்தத் துண்டைப் பார்க்கப் பயந்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. தவணை நெருங்கக் கடிதம் வந்தது. அதுவும் உடைக்கப்படாமல் படத்துக்குப் பின்னால் போனது. ஆனால் இரவில் அப்பா விறாந்தையில் உலாத்திக்கொண்டே இருப்பார். கவலை அவரிடமே இருந்தது, கணக்கு மட்டும் பிள்ளையாரிடம் போயிருந்தது. வட்டியைக் கட்டி அடகைப் புதுப்பித்திருக்கலாம். ஒரு ஆட்டை விற்றிருந்தால் அதற்குப் போதும். சங்கிலி ஏலத்தில் போனது.

ஆகவே கடதாசியை ஒளிப்பதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். அடகுத் துண்டையும் கரண்ட் பில்லையும் கடன் புத்தகத்தையும் சாமிக்கு முன்னால் தாராளமாக வையுங்கள். வைக்க முன் திறந்து பார்த்து, எவ்வளவு, எந்தத் திகதிக்கு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எவ்வளவு என்று தெரியாத கடன்தான் இரவில் பெருக்கும்.

கணக்குப் பார்த்தால் நம்பிக்கை குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்க வேண்டும். காட்டு விளிம்பில் இருக்கிற உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண, யால காட்டுக்குள் இறங்கினால் நாள்கணக்கில் கடை கிடையாது. யானையும் கரடியும் உள்ள காடு. செருப்புக்கூட இல்லாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். அதே சாமிமார்தான் (காட்டுக்குள் எல்லோருக்கும் எல்லோரும் சாமி, சொந்தப் பெயர் உகந்தையோடு சரி) பாதை திறக்கும் திகதியை முன்கூட்டியே விசாரிக்கிறார்கள். அரிசி, பருப்பு, சீனி அளந்து கட்டுகிறார்கள். அடுத்த தண்ணீர் எங்கே என்று போய்வந்தவரிடம் கேட்டு வைக்கிறார்கள். கும்புக்கன் ஆற்றில் தண்ணீர் கூடியிருந்தால் கைகோத்து இறங்குகிறார்கள். முருகன் இருக்கிறான் என்று வெறுங்கையோடு வருகிறவர் மற்றவர்களின் தண்ணீரைத்தான் குடிப்பார். காத்தான்குடியில் எனக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவர் தவக்குல் (அல்லாஹ்விடம் பொறுப்பை விட்டு நம்புவது) பற்றிப் பேச்சு வந்தால் சொல்வதும் இதுதான்: ஒட்டகத்தைக் கட்டு, பிறகு அல்லாஹ்வை நம்பு.

நேர்த்தி விஷயத்தில் வேறு மாதிரிப் பிழை நடக்கிறது. நேர்த்திக்கடன் என்ற சொல்லில் கடன் இருக்கிறது என்பதற்காக, வட்டிக்கு வாங்கி அதைத் தீர்க்க வேண்டுமென்று இல்லை. பிள்ளைக்குச் சுகமில்லை என்று வைத்த நேர்த்திக்கு, கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு நெருங்கக் கிழமைக் கடன் (கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடன்) எடுத்து மடை (படையல்) வைத்த வீட்டை எனக்குத் தெரியும். பிள்ளை சுகமாகிவிட்டது, கடன் இரண்டு வருடம் ஓடியது. கையில் காசு இல்லாதபோது மஞ்சள் துணியில் சில்லறை முடிந்து வைத்து, பிறகு செய்கிறேன் என்று சொல்லும் வழக்கம் நம்முடையதுதானே? கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவதே அவளுடைய கோபம் ஆற. ஒரு ஏழை வீட்டின் நேர்த்தி பிந்தியதற்காக அவள் கோபிப்பாள் என்று நான் நம்பவில்லை.

கிழமைக் கடன் என்றதும் வருகிற இன்னொரு தவறு, சாமியிடம் சொன்னதைப் புருசனிடம் சொல்லாதது. அல்லது மனைவியிடம். குழுவாகச் சேர்ந்து எடுக்கும் நுண்கடனில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்களின் தலையில் விழும். அதனால் ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. வெளிநாட்டில் உழைக்கிற மனிசனுக்கு ஒன்றும் தெரியாது. கோயிலில் அழுதுவிட்டு வந்து, போனில் "எல்லாம் சுகம்" என்பார்கள். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் இருந்தன. அன்றைக்கு வெளியே வந்த கடன்களைக் கேட்டுத் திகைத்த புருசன்மார் எத்தனை பேர் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். அப்படி இன்னொரு அறிவிப்பு வரும், அம்மாள் வழிவிடுவாள் என்று தவணையைத் தள்ளிப்போடுவதும் அதே தவறின் வால்தான். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டுமே என்ற பாரமும் இப்படித்தான். நம் ஊரில் அது தாய் தகப்பனின் நித்திரையைத் தின்கிற யோசனை. "அவள்ட தலையில எழுதினபடி நடக்கும்" என்று வாயை மூடுவதைவிட, இந்த வருடம் அத்திவாரம் மட்டும் போடலாமா என்று மகளையும் வைத்துக் கதைப்பது மேல்.

தொழில் படுத்துவிட்டால் யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று ஆள் தேடுவதைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. அதில் போன காசைவிட, பிரிந்துபோன அண்ணன் தம்பிமார்தான் அதிகம்.

கடைசியாக, அடுத்தவருக்குச் சொல்கிற புத்தி. கடனில் தவிக்கிற ஒருத்தியிடம் "உனக்கு நம்பிக்கை காணாது" என்று சொல்லாதீர்கள். அவள் நம்மைவிடக் கூடுதலாகக் கும்பிட்டிருப்பாள். பக்கத்தில் இருந்து, அந்தக் கொப்பியை எழுத உதவி செய்யுங்கள். கிழமைக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்கிறாள் என்றால், நூல் கட்டுவது கட்டட்டும், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தாலும் மனநலத்துக்கான ஆட்களோடு கதைக்கலாம்.

எங்கள் வீட்டில் அடகுத் துண்டு இப்போதும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. இந்த முறை அம்மாவின் காப்பு. வேறு இடத்தில் வைக்க அவ விடமாட்டா. ஆனால் படத்துக்குக் கீழே தொங்கும் கலண்டரில் தவணைத் திகதியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருக்கிறது. போட்டது அப்பா.