எண்ணெய்த் துளிக்குள் பாக்டீரியாச் சுழல்

நீந்தும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவை நெருக்கமாகத் திரட்டி அகலமான இடத்தில் விட்டால் சுழல்கள் தோன்றித் தோன்றிக் கலையும். 30 முதல் 70 மைக்ரான் விட்டமுள்ள துளியில் அடைத்தால் துளி முழுக்க ஒரே சுழலாகிவிடும். 2013இல் கேம்பிரிட்ஜில் ரேமண்ட் கோல்ட்ஸ்டீன் குழு வெளியிட்ட முறை இது. நுண்கால்வாய் செதுக்கிய சிப் எதுவும் வேண்டாம், மினரல் ஆயில் போதும்.

இந்தப் பாக்டீரியாவின் 168 ரகத்தை டெரிஃபிக் பிராத் என்ற வளர்ப்புத் திரவத்தில் 35 டிகிரி செல்சியஸில், ஷேக்கரில் இரவு முழுக்க வளர்த்து, காலையில் 200 மடங்கு நீர்த்து, மேலும் 5 மணி நேரம் விடுங்கள். வேகமான வளர்ச்சி முடியும் அந்தக் கட்டத்தில்தான் நீந்தும் செல்கள் அதிகம். நேரடியாக இரவுக் கல்ச்சரை எடுத்தால் பல செல்கள் சும்மா கிடக்கும்.

10 மில்லியை சென்ட்ரிஃபியூஜில் 1500 ஜி விசையில் 10 நிமிடம் சுற்றுங்கள். (நிமிடச் சுற்று எண்ணிக்கையான ஆர்பிஎம் அல்ல, புவியீர்ப்பின் மடங்கான ஜி. இங்கே சறுக்குபவர்கள் அதிகம்.) மேல் திரவத்தை முழுக்க இறுத்துவிடுங்கள், மிச்சம் நின்றால் அடர்த்தி போய்விடும், சுழலும் வராது. அடியில் படிந்த செல் வண்டலைக் கழுவ வேண்டாம்.

ஒரு பங்கு வண்டலுக்கு நான்கு பங்கு எண்ணெய். எண்ணெயில் மில்லிக்கு 10 மில்லிகிராம் டைஃபைட்டனாயில் பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற லிப்பிட் (கொழுப்புப் பொருள்) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இந்த லிப்பிட் குளோரோஃபார்மில் கரைந்து வந்திருந்தால் முழுக்க உலர்த்திவிட்டே எண்ணெயில் கலக்குங்கள், மிச்சக் குளோரோஃபார்ம் செல்களைக் கொன்றுவிடும். பைப்பெட் முனையை வெட்டி அகலமாக்கி, மெதுவாக உறிஞ்சி விடுங்கள். வேகமாக அடித்தால் செல்கள் நீந்த உதவும் கசையிழைகள் அறுந்துபோகும்.

கலவையை இரண்டு கவர் ஸ்லிப்புகளுக்கு (மெல்லிய கண்ணாடித் தகடுகள்) நடுவே வையுங்கள். இரண்டும் நீர் ஒட்டாத சிலேன் பூசியவையாக இருக்கட்டும். பூசாத கண்ணாடியில் துளி பரவி ஒட்டிக்கொள்ளும். துளிகள் சுமார் 25 மைக்ரான் உயரத்துக்குத் தட்டையாக வேண்டும்: 22க்கு 22 மில்லிமீட்டர் ஸ்லிப் என்றால் கலவையில் 12 மைக்ரோலிட்டர் விட்டால் கணக்கு சரி.

உடனே நுண்ணோக்கியில் பாருங்கள். ஆக்சிஜன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நீச்சல் தளர்ந்தால் சுழலும் நிற்கும். ஃபோகஸைத் துளியின் நடு உயரத்தில் வைத்தால், ஓரத்தில் ஒரு செல் தடிமனுள்ள வளையம் ஒரு பக்கமாகவும் உள்பகுதி எதிர்ப்பக்கமாகவும் ஓடுவது தெரியும். ஓரச் செல்கள் முன்னே நீந்தும்போது திரவத்தைப் பின்னால் தள்ளுகின்றன. அந்த நீரோட்டம் உள்ளே இருப்பவற்றை இழுத்துப் போகிறது. எந்தப் பக்கம் சுழலும் என்பது துளிக்குத் துளி மாறும்.

70 மைக்ரானைத் தாண்டிய துளிகளில் பழைய கொந்தளிப்புதான் தெரியும். அதைத் தோல்வி என்று நினைத்து வண்டலைக் கொட்டிவிடாதீர்கள், பக்கத்தில் சின்னத் துளியைத் தேடுங்கள்.