பாலஸ்தீனத் தூதரக உறவு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி போன வாரம் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: "1988-இல் இந்தியா பாலஸ்தீன ஆணையத்தை அங்கீகரித்தது." படித்ததும் வயிறு கலங்கியது. பல வருடங்களுக்கு முன் அதே வரியை எழுதி, அச்சடித்த இணைப்பிதழைக் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பருக்குப் போட வைத்தவன் நான். காஸா எது, மேற்குக் கரை எது என்பதெல்லாம் வரைபடம் பார்த்தால் தெரிந்துவிடும்; அதை விட்டுவிடுகிறேன்.

ஆணையமும் பி.எல்.ஓ.வும் (பாலஸ்தீன விடுதலை இயக்கம்) ஒன்று என நினைப்பது

1988-இல் ஆணையம் பிறக்கவே இல்லை. இஸ்ரேலும் பி.எல்.ஓ.வும் செய்துகொண்ட ஆஸ்லோ உடன்பாட்டுக்குப் பிறகு, பள்ளிக்கூடம், சுகாதாரம், போலீஸ் என்று உள்ளூர் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள 1994-இல் வந்தது அது. வெளியுறவு அதிகாரம் அதற்குக் கிடையாது என்று அதே இரு தரப்பும் போட்ட 1995 இடைக்கால ஒப்பந்தம் பச்சையாகவே சொல்கிறது. நன்கொடை நாடுகளோடு போடும் ஒப்பந்தத்தில்கூட ஆணையத்துக்காகக் கையெழுத்திடுவது பி.எல்.ஓ.தான்.

1974-இல் பாலஸ்தீன மக்களின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதி என்று இந்தியா ஏற்றது பி.எல்.ஓ.வை. அரபு நாடு அல்லாதவற்றில் அப்படிச் செய்த முதல் நாடு நாம்தான். 1975-இல் தில்லியில் அதன் அலுவலகம் வந்தது. 1980-இல் முழுத் தூதரக உறவு. 1988 நவம்பரில் அங்கீகரித்தது அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் அறிவிக்கப்பட்ட பாலஸ்தீன நாட்டை. ஆணையம் இதில் எங்கேயும் வரவில்லை.

அராஃபத், பிறகு அப்பாஸ் என்று பி.எல்.ஓ., ஆணையம், நாடு மூன்றுக்கும் ஒரே ஆள் தலைவராக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பம். "எல்லாம் ஒரே ஆள்தானே சார்?" என்று ஆசிரியரிடம் வேறு அன்றைக்கு வாதாடினேன். எந்தப் பதவியில் கையெழுத்திட்டார் என்று பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

அங்கீகரித்தால் அங்கே தூதரகம் இருக்கும் என எண்ணுவது

தில்லியில் பாலஸ்தீனத் தூதரகம் இருக்கிறது. அங்கே நமக்கு இருப்பது பிரதிநிதி அலுவலகம்; 1996-இல் காஸாவில் திறந்து, 2003-இல் மேற்குக் கரையிலுள்ள ராமல்லாவுக்கு மாற்றினார்கள். போக வர வழி இஸ்ரேல் கையில். உதாரணத்துக்கு, 2024 மே மாதம் நார்வே பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்தது. ஆகஸ்டிலேயே, பாலஸ்தீனத் தரப்போடு தொடர்பிலிருந்த 8 நார்வே அதிகாரிகளின் தூதர் அந்தஸ்தை இஸ்ரேல் ரத்து செய்துவிட்டது.

"ஐ.நா. உறுப்பு நாடு"

இல்லை. 2012 நவம்பர் 29 முதல் உறுப்பினர் அல்லாத பார்வையாளர் நாடு.

"ராமல்லாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம்"

அப்படி ஒன்று கிடையாது.