தினமும் ஓட்டும் அம்பாசடர், பத்மினி: சஸ்பென்ஷனில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

காரைக்குடிப் பக்கம் முகூர்த்த மாதம் வந்தால் அம்பாசடரின் டிக்கியில் சீர்ப் பாத்திரம், பின் சீட்டில் நான்கு பேர். வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும். "இன்னொரு பட்டை சேர்த்துக்கலாம் அண்ணே" என்பார் மெக்கானிக். பட்டை என்றால் பின் ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடு. தினமும் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம். மீதி நாளெல்லாம் ஒற்றை ஆளோடு போகும்போது பின்பக்கம் துள்ளும், வேகத்தடையின் அடி ஷாக்கிளுக்கும் (பட்டையின் முனையைப் பாடியோடு இணைக்கும் துண்டு) பாடிக்கும் நேராக இறங்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங், துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் காசை விடுகிறார்கள். சீரை டெம்போவில் ஏற்றிவிடுங்கள்.

பாகங்கள் வாங்கும் முன் அளந்து பாருங்கள். சமமான சிமெண்ட் தரையில், காற்றுச் சரிபார்த்து, ஆளில்லாமல் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் 15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் பட்டை தொய்ந்திருக்கலாம், உடைந்தும் இருக்கலாம். உடைப்பு பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையில் விழும். பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யூ போல்டுக்கு அடியில் மறைந்திருப்பதால் கழற்றினால்தான் தெரியும்.

அடுத்து கிங்பின், அதாவது முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி. முன்பக்கம் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் அல்லது அதன் உறையான புஷ். இதைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த ஷாக் போடுவது உளுத்துப்போன உத்திரத்துக்கு வார்னிஷ் அடிப்பது போல.

பட்டைகளுக்கு இடையே செம்மண் தூசு ஏறி, மழையில் நனைந்து இறுகும்; ஸ்பிரிங் வளையாமல் கட்டையாகிவிடும். பிரித்து, வயர் பிரஷ் போட்டு, கிராஃபைட் கிரீஸ் தடவிச் சேர்த்தாலே பாதி வித்தியாசம் தெரியும். தொய்ந்ததை வளைவு ஏற்றி வாங்கலாம். சில மாதத்தில் மறுபடி இறங்கினால் புதுசுதான். யூ போல்டுகளைப் புதிதாகப் போட்டு, 500 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்குங்கள். அவை தளர்ந்தால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சில் இடம் மாறும்.

பட்டையின் முனையில் உள்ள ரப்பர் புஷ் மாற்றும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஐ போல்டை (பட்டை முனையின் கண்ணில் நுழையும் போல்ட்) முழுதாக இறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் முறுக்கிச் சீக்கிரமே கிழியும். கையால் மட்டும் நட்டைப் போட்டு, சக்கரம் தரையில் பட்டு முழு எடையும் இறங்கியபின் இறுக்க வேண்டும். ரப்பரில் சாதாரண கிரீஸ் படக்கூடாது, ஊறிப்போகும். பாலியூரிதேன் புஷ் நீடிக்கும், ஆனால் அதிர்வை உள்ளே கொண்டுவரும், கிறீச்சிடும். பட்டையின் கண்ணுக்கு ரப்பரே போதும். திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் பத்மினியின் ஆன்டி ரோல் பாருக்கு வேண்டுமானால் பாலியூரிதேன் போடலாம்.

செலவு செய்ய வேண்டிய இடம் ஷாக். மூலையை அழுத்தி விட்டால் ஒன்றரை ஆட்டத்துக்குள் அடங்க வேண்டும். புதிதாக வாங்குவது குறைந்த அழுத்த கேஸ் ட்வின் ட்யூபாக (இரட்டைக் குழாய் ஷாக்) இருக்கட்டும்: நெடுந்தூர ஓட்டத்தில் எண்ணெய் எளிதில் நுரைக்காது, சவாரியும் முரடாகாது. வேறு வண்டியின் ஷாக்கைப் போடுவதானால் கண் அகலம் மட்டும் பொருந்தினால் போதாது. சக்கரம் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் முழுதாக அமுங்கும்போதும் ஷாக் இன்னும் அமுங்க 10 மி.மீ. இடமாவது மிஞ்ச வேண்டும், இல்லையேல் ராடு வளையும். மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து ஐந்தாறு தடவை இழுத்து அழுத்துங்கள், உள்குழாயில் சிக்கிய காற்று விலகும்.

பழைய அம்பாசடரின் லிவர் ஷாக்கில் பிரேக் ஆயிலும் என்ஜின் ஆயிலும் ஊற்றக்கூடாது. டேம்பர் ஆயில் மட்டும். ஷாக்கின் லிவர் கையை முழு அளவுக்கு ஆட்டி ஆட்டி நிரப்புங்கள்.

அம்பாசடரின் முன் டார்ஷன் பாரை (முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) திருகினால் உயரம் ஏறும், விறைப்பு அதிகமாகாது. அளவுக்கு மேல் ஏற்றினால் சக்கரம் கீழிறங்க இடமின்றிப் பள்ளத்தில் டொக்கென்று அடிக்கும். இடது பாரை வலதில் போடாதீர்கள். பத்மினியின் முன் காயிலை வெட்டுவது இன்னும் மோசம்: வண்டி தாழும், காயிலும் விறைக்கும்.

வேலை முடிந்ததும் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் அதே நான்கு இடத்தில் டேப் வையுங்கள். புதுப் பட்டை சிறிது இறங்கியிருக்கும். இறங்கியது இருபக்கமும் ஒன்றாக இல்லையென்றால் சென்டர் போல்ட் ஆக்சிலின் குழியில் சரியாக உட்காராமல் இருக்கலாம், மறுபடி கழற்றிப் பாருங்கள்.