வட்ட வலைச் சிலந்திக்குப் பெயர் சொல்லுமுன்: ஏற்காட்டில் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கிற வாரங்களில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிமிர்ந்து நடக்க முடியாது. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் எங்கே பார்த்தாலும் வலை. சேலத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்காக மேலே ஏறி வருவதும் அப்போதுதான். ஒவ்வொரு வருடமும் புது முகங்கள். தவறுகள் மட்டும் நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள்.

படம் மங்கலாக வருவது, அவசரத்தில் வலையைக் கிழித்துவிடுவது இதெல்லாம் நாலு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். பெயர் வைப்பதில் நடக்கிற தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. அச்சில் ஏறி, அடுத்தவர் பட்டியலுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

வலை வட்டமாக இருந்தால் அரேனிடே என்று எழுதிவிடுவது

நம் பக்கத்திலேயே மூன்று குடும்பங்கள் வட்ட வலை பின்னுகின்றன. அரேனிடே பெரியது, உலகம் முழுக்க 3,000 சிற்றினங்களுக்கு மேல். அதனால் கை தானாக அந்தப் பெயரை எழுதப் போகிறது. ஆனால் ஏற்காடு ஏரிக்கரையில் தண்ணீர்மேல் சாய்ந்திருக்கிற செடிகளைப் பாருங்கள். வலையின் நடு மையத்தில் நூலே இல்லாமல் ஒரு திறப்பு, அதன்மேல் கால்களை முன்னும் பின்னும் நீட்டி ஒட்டிக்கிடக்கிற ஒல்லியான சிலந்தி, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் தாடை. அது டெட்ராக்னாத்தா. டெட்ராக்னாத்திடே என்ற வேறு குடும்பம்.

அதே குடும்பத்தில்தான் லூக்காகேயும் இருக்கிறது. வெள்ளி மினுங்கும் வயிறு, பச்சை ஓடிய கால்கள், படுத்தவாக்கில் அல்லது சாய்வாக வலை. சந்தேகம் வந்தால் நான்காம் காலின் தொடைப்பகுதியைக் கைலென்ஸில் பாருங்கள். நீளமான மெல்லிய மயிர்கள் இரண்டு வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

மூன்றாவது யுலோபோரிடே. இவற்றின் வலை நூலில் பசை கிடையாது. மிக நுண்ணிய இழைகளைச் சீவிச் சீவி எடுத்த நூல். அந்த இழைகளிலேயே பூச்சி சிக்கிக்கொள்ளும். விஷச் சுரப்பியும் இல்லை. இரையை நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கித்தான் அடக்கும்.

மறுபக்கமும் உண்டு. அரேனிடே குடும்பத்தில் இருந்துகொண்டே வட்ட வலை கட்டாதவை இருக்கின்றன. சிர்டோஃபோரா பசையில்லாத நூலால் நெருக்கமாக ஒரு கூடாரம் விரித்து, மேலும் கீழும் தாறுமாறாக நூல் இழுத்துக் கட்டியிருக்கும். வேலியோரக் கள்ளியிலும் ரோஜாச் செடியிலும் பார்த்திருப்பீர்கள். ஆர்ட்காரியஸ் வலையையே விட்டுவிட்டு, நுனியில் பசைத்துளி வைத்த நூலைத் தொங்கவிட்டு அந்துப்பூச்சி பிடிக்கிறது. வலையைப் பார்த்தால் ஒரு துப்புக் கிடைக்கும். குடும்பத்தை முடிவு செய்ய உடம்பைத்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் வெள்ளைப் பட்டை இருந்தால் ஆர்ஜியோப்பி

இல்லை. ஆர்ஜியோப்பி, வலை நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி போடுகிற அரேனிடே பேரினம். ஆனால் அதே குடும்பத்துச் சைக்ளோசாவும் பட்டை வைக்கும், யுலோபோரிடேயும் வைக்கும். ஆர்ஜியோப்பி குட்டிகளோ பல நேரம் பெருக்கல் குறி போடாமல் வட்டத் தட்டாகப் போட்டிருக்கும்.

முதுகு நிறத்தை வைத்துச் சிற்றினம் சொல்வது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு ஆறாத தவறு இது.

எம்.எஸ்ஸி. படித்த ஒரு பெண். கெட்டிக்காரி, சலிக்காத உழைப்பு. தோட்டத்து முதலாளியிடம் முறையாக அனுமதி வாங்கி, இருட்டினபிறகு தலைவிளக்கு கட்டிக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே நடந்து, அரேனிடே குடும்பத்து நியோஸ்கோனா பேரினத்தின் வலைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தாள். நியோஸ்கோனாவில் பெரும்பாலானவை இரவுச் சிலந்திகள். பொழுது சாய்ந்ததும் வலை கட்டி, விடியுமுன் சுருட்டித் தின்றுவிட்டு இலை மடிப்பில் ஒடுங்கிக்கொள்ளும். பகலில் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. இவள் இரவில் போனது சரி. ஆனால் எடுத்த படம் எல்லாம் மேலேயிருந்து, முதுகு மட்டும். சிலந்தி ஒன்றைக்கூடக் குப்பியில் வைக்கவில்லை. பழுப்பு ஒரு சிற்றினம், பச்சை கலந்தது ஒரு சிற்றினம், நடுமுதுகில் வெளிறிய கோடு ஓடினால் இன்னொன்று, சாம்பலில் கறுப்புப் புள்ளி இருந்தால் வேறொன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் ஒத்துப்போன படத்தின் பெயரை வைத்து, அட்டவணை போட்டு, பல்வகைமையை அளக்கிற ஷானன் குறியீடு கணக்கிட்டுக் கொண்டுவந்து காட்டினாள்.

"அடிப்பக்கம் எடுத்த படம் எங்கேம்மா?"

"முதுகுதாண்ணா எடுத்தேன். நெட்ல எல்லாரும் அப்படித்தானே போட்டிருக்காங்க?"

அவள் சொன்னது உண்மை. எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அங்கேதான் வினையே.

நியோஸ்கோனாவில் ஒரே சிற்றினத்துக்குள் நிறம் மாறும். ஒரே செடியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண் சிலந்திகள், ஒன்று காவி, ஒன்று கரும்பழுப்பு, இரண்டும் ஒரே சிற்றினமாக இருக்கலாம். வேறு வேறு சிற்றினங்கள் ஒரே சாயலிலும் இருக்கும். தோலுரித்த உடனே ஒரு நிறம், நாலு நாள் கழித்து வேறு நிறம். இதில் முதுகை மட்டும் பார்த்து நியோஸ்கோனா முகர்ஜியா, நியோஸ்கோனா நாட்டிகாவா என்று பிரித்துச் சொல்வது வெறும் ஊகம். அந்த ஊகத்தின்மேல் அட்டவணை, அட்டவணையின்மேல் குறியீடு. சிற்றின எண்ணிக்கையே தெரியாதபோது பல்வகைமைக் குறியீட்டுக்கு என்ன மதிப்பு? கடைசியில் அந்த அட்டவணையின் வரிகள் எல்லாம் ஒரே வரியாகச் சுருங்கின: "நியோஸ்கோனா, சிற்றினம் உறுதியாகவில்லை." அதற்குள் தோட்டத்தில் பழப் பறிப்பு முடிந்து நிழல்மரக் கிளைகளையும் கழித்துவிட்டிருந்தார்கள். திரும்பிப்போய்ப் பார்க்க அந்தச் சிலந்திகளும் இல்லை, அந்த இடமும் முன்போல் இல்லை. ஒரு பருவ உழைப்பு வீண்.

அவளைவிட எனக்குக் கோபம் வந்தது அவளுக்கு முன்னால் அச்சேறிய பட்டியல்கள்மேல்தான். படத்தைப் பார்த்துப் பெயர் போட்டு, மாதிரி எதையும் பாதுகாக்காமல் வெளியான பட்டியல் ஒன்றைத்தான் அவள் வழிகாட்டியாக வைத்திருந்தாள். அதில் இருந்த பெயர்கள் சரியா தவறா என்று இன்று யாராலும் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாத பெயரை நாளைக்கு இன்னொருவர் எடுத்து எழுதுவார். சேர்வராயன் மலையில் இந்தச் சிலந்தி இருக்கிறது என்று அது நிலைத்துவிடும்.

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் பேரினம். சிலந்தியின் தலைமார்பின் மேல்பக்கம், கண்களுக்குப் பின்னால், ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். நியோஸ்கோனாவில் அது நீளவாக்கில் ஒரு கீறலாக ஓடும். அதே குடும்பத்து அரேனியஸில் குறுக்குவாக்கில் இருக்கும். இது லென்ஸிலேயே தெரியும்.

சிற்றினத்துக்கு அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த பெண்ணின் அடிவயிற்றில், மூச்சுப்பைகளுக்கு நடுவே, கெட்டியான பழுப்புத் தகடு ஒன்று இருக்கும். எபிகைன் என்போம். நியோஸ்கோனாவில் அதிலிருந்து நாக்குப்போல் ஒரு நீட்சி பின்னோக்கி வரும், அடித்தகட்டோடு ஒட்டிப்பிறந்ததாக. அந்த நாக்கின் நீளம், அகலம், ஓரத்துப் புடைப்பு, நுனியின் வளைவு, இவைதான் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுகிறவை. ஆணாக இருந்தால் முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக் கையுறைபோல் உப்பியிருக்கிற பால்ப். இடப்பக்கத்து பால்ப்பை வரைவதுதான் வழக்கம். நூல்களில் இருக்கிற படத்தோடு நேராக ஒப்பிடலாம் என்பதால் நீங்களும் இடதையே எடுங்கள்.

எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை. ஒளி ஊடுருவும் சின்ன டப்பாவில் சிலந்தியை விட்டு, பஞ்சை மெதுவாக உள்ளே தள்ளிச் சுவரோடு அணைத்தால் அடிவயிறு தெளிவாகத் தெரியும். மேக்ரோ லென்ஸ் போட்ட போனில் முதுகு, அடிவயிறு, முகம், பக்கவாட்டு என்று எடுத்துவிட்டு விட்டுவிடலாம். ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு முதிர்ந்த மாதிரியையாவது 70 சதவீத எத்தனாலில் வைத்தே ஆக வேண்டும். எத்தனாலில் பச்சையும் சிவப்பும் வெளுத்துப்போகும், அதனால் நிறத்தை உயிரோடிருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். எபிகைனின் உள்ளமைப்பு தெரியவில்லை என்றால் அந்தத் தகட்டைத் தனியாக எடுத்துக் கிராம்புத் தைலத்தில் போட்டால் தெளிந்து வரும்.

ஆணை வேறு சிற்றினமாக எண்ணுவது

பொன்னிற வலை கட்டுகிற நெஃபிலா பிலிப்பெஸ் பெண்ணின் உடல் மட்டும் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர். அதே வலையின் மேலோரத்தில் அரை சென்டிமீட்டரில் செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதன் ஆண். இரையைத் திருடித் தின்கிற குட்டிச் சிலந்திகளும் அங்கே இருக்கும், அதனால் பால்ப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

குட்டிக்குச் சிற்றினப் பெயர்

வைக்காதீர்கள். எபிகைன் உருவாகாத சிலந்திக்குப் பேரினத்தோடு நிறுத்துங்கள்.

பழைய நூலில் இருக்கிற பெயரை அப்படியே எடுப்பது

இந்தியச் சிலந்திகளைப் பற்றிப் பொக்காக் 1900-இல் எழுதிய தொகுதியும், டிக்காதர் 1982-இல் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்காக அரேனிடே பற்றி எழுதிய தொகுதியும் நம் கல்லூரிகளில் இன்றும் கைக்குக் கிடைக்கிறவை. விவரணைக்கும் படங்களுக்கும் அவற்றை மதித்துப் படிக்க வேண்டும். டிக்காதரின் எபிகைன் படங்கள் இல்லாமல் நியோஸ்கோனாவைத் தொடவே முடியாது. பெயருக்கு மட்டும் அங்கே நிற்கக் கூடாது.

பழைய நூல்களில் நெஃபிலா மாக்குலாட்டா என்று படிப்பது இன்று நெஃபிலா பிலிப்பெஸ். வயிற்றிலிருந்து இரண்டு கொம்புகள் வில்லாக வளைந்து நீளுமே, அந்த முள்சிலந்தி காஸ்ட்ராகாந்தா ஆர்க்குவாட்டாவாக இருந்தது. இன்று மாக்ராகாந்தா ஆர்க்குவாட்டா. காஸ்ட்ராகாந்தா ஜெமினாட்டா மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

குடும்பப் பெயரும் நகரும். நெஃபிலாவை ஒரு காலத்தில் டெட்ராக்னாத்திடேயில் வைத்தார்கள். 2006-இல் குன்ட்னர் என்ற சிலந்தி ஆய்வாளர் அதற்கு நெஃபிலிடே என்று தனிக் குடும்பம் கொடுத்தார். 2017-இல் டிமிட்ரோவ் குழுவினர் மரபணுத் தரவுகளை வைத்து மறுபடி அரேனிடேக்குள் கொண்டுவந்தார்கள். 2019-இல் குன்ட்னர் குழு திரும்பவும் தனிக் குடும்பம் என்றது. உலகச் சிலந்திப் பட்டியலான வேர்ல்ட் ஸ்பைடர் கேட்டலாக் அரேனிடேக்குள்தான் வைத்திருக்கிறது. இதைக் கேட்டுப் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது, ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பட்டியலை, எந்தத் தேதியில் பார்த்துப் பெயர் எழுதினீர்கள் என்று குறிப்பது. அந்தக் கேட்டலாக்கை சுவிட்சர்லாந்தில் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிறது. காசு கிடையாது. 2022-இல் அதில் 50,000-ஆவது சிற்றினம் பதிவானது. பெயர் எழுதுமுன் அதைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அடைப்புக்குறியை இஷ்டத்துக்குப் போடுவது

சிற்றினப் பெயருக்குப் பின்னால் பெயரிட்டவர் பெயரையும் ஆண்டையும் எழுதுவோம். அதைச் சுற்றி அடைப்புக்குறி இருந்தால், அவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார் என்று பொருள். நெஃபிலா பிலிப்பெஸ் (பாப்ரீசியஸ், 1793). அவர் வைத்தது அரேனியா என்ற பேரினத்தில். ஆர்ஜியோப்பி அனசூயா தோரெல், 1887 என்பதில் அடைப்புக்குறி வராது, தொடக்கத்திலிருந்தே அது ஆர்ஜியோப்பிதான்.

அரேனியஸ் டயடிமேட்டஸ் கிளெர்க், 1757 என்று பார்த்துவிட்டு, விலங்குப் பெயர்கள் லின்னேயஸின் 1758 நூலிலிருந்துதானே தொடங்க வேண்டும், அச்சுப்பிழை என்று திருத்தி எழுதுகிறவர்கள் உண்டு. திருத்தாதீர்கள். கிளெர்க் சுவீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி எழுதிய நூலுக்குப் பெயரிடல் விதிகளே விலக்குக் கொடுத்திருக்கின்றன. சிலந்திகளின் பெயர் வரலாறு அங்கிருந்துதான் ஆரம்பம்.

காப்புக்காட்டுக்குள் எடுப்பது

வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒன்றையும் எடுக்காதீர்கள்.

சீட்டில் "ஏற்காடு" என்று மட்டும் எழுதுவது

அடிவாரத்துக் குரும்பப்பட்டிப் பக்கத்து முட்காடும் ஏற்காட்டுச் சாலைதான், இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி 1,500 மீட்டர் உயரத்துக் காப்பித் தோட்டமும் ஏற்காடுதான். இரண்டிலும் ஒரே சிலந்திகள் இருக்காது. சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டினால் உரிந்துவிடும். எப்படி இருக்க வேண்டும் என்றால்: சேலம் மாவட்டம், சேர்வராயன் மலை, தோட்டத்தின் பெயர், ஜி.பி.எஸ். எண், உயரம், தேதி, இரவு எட்டு மணி, காப்பிச் செடிக்கும் மிளகுக்கொடிக்கும் நடுவில் செங்குத்து வலை, தரையிலிருந்து இடுப்பு உயரம், முதிர்ந்த பெண், உயிரோடிருந்தபோது முதுகு காவி நிறம், எடுத்தவர் பெயர். சிற்றினப் பெயரை இரண்டாவது சீட்டில், நுண்ணோக்கியில் பார்த்தபிறகு எழுதிக்கொள்ளலாம்.